சுவரும் சித்திரமும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. உடல்நலம் பேணாது உழைப்பாரை நோக்கி முதியோர் இதனைக் கூறுவர். சித்திரத்திற்குச் சுவர் இன்றியமையாதது என்பதை இப்பழமொழி விளக்குகின்றது. ஆயின், சுவருக்குச் சித்திரம் யாது செய்யும் என்று வினவுவார் அரியர். வீட்டிற்கும் வீட்டிற்கும் இடையே, தெருவிற்கும் தெருவிற்கும் இடையே சுவர் நின்று மக்களைப் பிரிக்கின்றது. அதன்மேல் எழுதப்படும் சித்திரம் பிரிந்தாரைக் கூட்டுமோ? கூட்டும் என்பதை அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரில் ஓர் ஓவியர் செயலிற் காட்டினார். அவரே ஜூடித் பாக்கா அம்மையார்.

அவர் எத்தகைய மக்களிடையே தோன்றினார் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். வட அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் உள்ளது கலிபோர்னியா மாநிலம். அந்நிலத்தில் முதலில் வாழ்ந்தோர் அமெரிக்கத் தொல்குடியினர். பின்னர் ஸ்பானியர் வந்தனர். அவர்தம் ஆட்சியில், 1781ஆம் ஆண்டில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தோன்றியது. அதன்பின் அந்நிலம் மெக்சிக்கோ நாட்டின் பகுதியாயிற்று. 1848ஆம் ஆண்டில், போரில் வென்ற அமெரிக்க ஐக்கிய நாடுகள் அதனைத் தம்மொடு சேர்த்துக்கொண்டன. நாட்டின் எல்லை மாறிற்று. ஆயினும் மெக்சிக்கோ வழிவந்த மக்கள் பலர் தம் மண்ணை விட்டு அகலவில்லை. பிற்காலத்திலும் அவர்தம் இனத்தார் பல்லாயிரவர் வந்து குடியேறி, வயலிலும் தொழிற்சாலையிலும் உழைத்தனர். இலத்தீன் அமெரிக்க நாடுகளின் வழிவந்த இத்தகையோருள் ஆடவரை லத்தீனோ என்றும், பெண்டிரை லத்தீனா என்றும் வழங்குவர். நகரின் பெயரே அவர்தம் ஸ்பானிய மொழிப் பெயர். அங்ஙனம் இருந்தும், அம்மக்களின் வரலாறு நெடுங்காலம் பள்ளிப் புத்தகங்களில் இடம்பெறவில்லை.

ஜூடித் பாக்கா 1946ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்தார். அவரது இளமை வாட்ஸ் என்னும் பகுதியிற் கழிந்தது. அவ்வீட்டில் ஆடவர் இலர். தாய் ஒரு சக்கர உருளைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஆகவே, குழந்தையை வளர்க்கும் பொறுப்பைப் பாட்டியார் பிரான்சிஸ்கா ஏற்றார். அம்மூதாட்டி பச்சிலை மருத்துவம் அறிந்தவர். வீட்டில் ஸ்பானிய மொழியே பேசியவர். சிறுமி பள்ளிக்குச் சென்றபோது, அங்கே அம்மொழியைப் பேசக் கூடாது என்ற தடை இருந்தது. ஆங்கிலமோ அவளுக்கு வாராது. வகுப்பில் நிகழ்வது விளங்காமல் வாய் மூடி அமர்ந்திருந்த குழந்தையிடம் ஆசிரியர் ஒருவர் வண்ணங்களையும் தூரிகையையும் கொடுத்து, ஒரு மூலையில் இருந்து ஓவியம் தீட்டுமாறு விடுத்தார். நாவிற்குத் தடை நேர்ந்த இடத்தில் கை பேசக் கற்றது. அவர் பின்னாளில் ஆற்றிய பெரும்பணிக்கு அம்மூலையே தொடக்கம் எனலாம்.

1969ஆம் ஆண்டில் அவர் கல்லூரியிற் கலைப் பட்டம் பெற்றார். ஓவியம் கற்றார் பலரும் கருதுவது யாது? தம் படைப்பு புகழ்மிக்க கலைக்கூடத்தில் இடம்பெற வேண்டும் என்பதேயாம். பாக்கா அம்மையாருக்கோ ஓர் ஐயம் எழுந்தது. கலைக்கூடத்தில் ஓவியத்தை வைத்தால் அதனைக் காண யார் வருவர்? தம் பாட்டியார் அத்தகைய கூடத்தின் வாயிலைக் கண்டதில்லை; தம் அண்டை வீட்டாரும் கண்டதில்லை. அன்புக்குரியோர் காணாத ஓவியத்தால் விளையும் பயன் யாது? இவ்வாறு எண்ணிய அவர், மக்கள் கலையை நாடி வாராவிடின், கலை மக்களை நாடிச் செல்லுதல் வேண்டும் எனத் துணிந்தார்.

இத்துணிவுக்கு அவர் முன்னோர் நாட்டில் ஒரு நன்முன்மாதிரி இருந்தது. 1910ஆம் ஆண்டில் மெக்சிக்கோவில் பெரும்புரட்சி மூண்டது. புரட்சி ஓய்ந்தபின், எழுத்தறியா மக்களுக்கும் நாட்டு வரலாற்றை உணர்த்த விரும்பிய அரசு, பொதுக்கட்டடங்களின் சுவர்களை ஓவியரிடம் ஒப்படைத்தது. தியேகோ ரிவேரா, ஒரோஸ்கோ, சிக்கெய்ரோஸ் என்னும் மூவரும் அப்பணியில் தலைசிறந்து விளங்கினர். மன்னரையும் செல்வரையும் மட்டுமே கண்டு பழகிய சுவரோவியத்தில், உழவரும் சுரங்கத் தொழிலாளரும் தம்மைத் தாமே கண்டனர். மூவருள் சிக்கெய்ரோஸ் 1932ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வந்து, ஒரு கட்டடத்தின் மேன்மாடத்துச் சுவரில் ஓர் ஓவியம் தீட்டினார். வலியோரால் தொல்குடியினர் உற்ற துன்பத்தை அது காட்டிற்று. நகரப் பெரியோர் சிலர் அதனைப் பொறாராயினர். சில ஆண்டுகளில் அவ்வோவியம் வெள்ளை பூசி மறைக்கப்பட்டது. சுவர் பேசினால் அதன் வாயை அடைப்பாரும் உளர் என்பதற்கு அது சான்றாயிற்று. எண்பது ஆண்டுகள் கழித்து, 2012ஆம் ஆண்டில், வல்லுநர் அதனைப் பேணித் திருத்திப் பொதுமக்கள் காணுமாறு மீண்டும் திறந்து வைத்தனர்.

பாக்கா அம்மையாரின் முதற்பெரு முயற்சி 1970ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. நகரப் பூங்காத் துறையின் சார்பில் அவர் கீழை லாஸ் ஏஞ்சல்ஸில் இளைஞருக்கு ஓவியம் கற்பிக்கச் சென்றார். அப்பகுதியில் இளைஞர் பலர் கூட்டங் கூட்டமாய்ப் பிரிந்திருந்தனர். ஒரு கூட்டத்தார் தெருவில் மற்றொரு கூட்டத்தார் கால் வைத்தல் அரிது. வைத்தால் குருதி சிந்தும். தம் பெயரையும் கூட்டத்தின் பெயரையும் அவர்கள் சுவர்களில் கிறுக்கி வைத்தனர். ஊரார் அதனை அழுக்கு என்று வெறுத்தனர். அம்மையாரோ அதனுள் ஒரு வேட்கையைக் கண்டார். தம்மை ஒருவரும் பொருட்படுத்தாத ஊரில், தாம் இருக்கிறோம் என்று சுவரின் வாயிலாக அவ்விளைஞர் கூறுகின்றனர் என்பதை உணர்ந்தார்.

ஒன்றோடொன்று பகைத்த நான்கு பகுதிகளிலிருந்து இருபது இளைஞரைத் திரட்டி, அவர் ஒரு குழுவை அமைத்தார். ஹாலன்பெக் பூங்காவில் இருந்த இசைமேடையின் சுவரே அவர்கள் தேர்ந்த இடம். பகைவர் வருகின்றனரோ என்று நோக்கி அறிவிக்கக் காவலர் நிற்க, அப்பணி நடந்தது. எதனைத் தீட்டினால் நால்வேறு பகுதியாரும் ஒருங்கே மதிப்பர்? ஒரு தலைவனைத் தீட்டினால் ஒரு சாரார் வெறுப்பர். ஒரு கொடியைத் தீட்டினால் மற்றொரு சாரார் சினப்பர். ஆகவே, இரு கைகளையும் அகல விரித்து அணைக்க நிற்கும் ஒரு பாட்டியின் உருவை அவர்கள் தீட்டினர். பாட்டி இல்லாத பகை ஏது? சினத்தால் கொதித்த இளைஞனும் தன் பாட்டியின் முன் தலை தாழ்ந்து நிற்பான். அவ்வோவியம் முடிந்தபோது, ஊரார் அதனடியில் மெழுகுவத்தி ஏற்றி வைத்தனர். கிறுக்கி வந்த கைகளே, ஊரார் போற்றும் ஓவியத்தை எழுதின.

இதன் பயனைக் கண்ட நகர ஆட்சியினர் அவரை மேலும் ஊக்கினர். 1974ஆம் ஆண்டில் நகரம் முழுவதற்குமான சுவரோவியத் திட்டம் அவர் தலைமையில் தொடங்கிற்று. பல பகுதிகளில் பல இனத்து ஓவியர் சுவரோவியங்களைத் தீட்டினர். ஆயினும், அரசின் பொருளைக்கொண்டு தீட்டும்போது, இதனை எழுதுக, இதனை எழுதற்க என்னும் கட்டளைகளும் உடன்வந்தன. ஓவியர் உரிமையோடு பணியாற்றத் தனியே ஓர் அமைப்பு வேண்டும் என்று அம்மையார் எண்ணினார். 1976ஆம் ஆண்டில், ஓவியர் கிறிஸ்டினா ஷ்லெசிங்கரோடும் திரைப்பட இயக்குநர் டானா டைட்சோடும் கூடி, சமூகக்கலைக்கும் பொதுக்கலைக்குமான ஒரு நிலையத்தை அவர் நிறுவினார். ஸ்பார்க் என்பது அதன் சுருக்கப்பெயர். ஆங்கிலத்தில் அச்சொல் தீப்பொறியைக் குறிக்கும். அந்நிலையத்திற்கு வாய்த்த இடமோ வியப்புக்குரியது. வெனிஸ் என்னும் பகுதியில் முன்னர்க் காவல்நிலையமும் சிறையுமாய் இருந்த கட்டடமே அது. கைதிகளை அடைத்த கட்டடம் ஓவியரை வரவேற்கும் மனையாயிற்று.

அந்நிலையத்தின் தலைசிறந்த படைப்பு, லாஸ் ஏஞ்சல்ஸ் பெருஞ்சுவர் என வழங்கும் சுவரோவியமாகும். அது அமைந்த இடத்தின் வரலாறும் அறியத்தக்கது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஓடும் ஆறுகள் கோடையில் வற்றும்; மழைக்காலத்தில் கரைபுரண்டு ஊரை அழிக்கும். 1938ஆம் ஆண்டின் வெள்ளம் பேரழிவு விளைத்தது. அதன்பின் படைத்துறைப் பொறியாளர் ஆறுகளுக்குக் கரையும் தரையும் கான்கிரீட்டால் அமைத்தனர். வெள்ளம் அடங்கிற்று, ஆயின், ஆறு வெறுங்கால்வாயாயிற்று. துஹங்கா என்னும் ஓடையும் அவ்வாறே உருமாறியது. நிலத்தின் உடலில் விழுந்த தழும்பு என அம்மையார் அக்கால்வாயைக் கருதினார். தழும்பின்மேற் பச்சை குத்துவதுபோல, அதன் சுவரில் அந்நிலத்து மக்களின் வரலாற்றை எழுத முற்பட்டார்.

1976ஆம் ஆண்டின் வேனிலில் எண்பது இளைஞரும் பத்து ஓவியரும் ஐந்து வரலாற்றறிஞரும் பணியைத் தொடங்கினர். ஓடையில் நீர் வற்றிய வேனிற் காலமே வேலைக்கு ஏற்றது. பொருள் திரட்டுதற்கும் ஆராய்தற்கும் இடைக்காலம் தேவைப்பட்டது. ஆகவே 1976, 1978, 1980, 1981, 1983 ஆகிய ஐந்து ஆண்டுகளின் வேனிலில் அப்பணி நடந்தது. நானூற்றுக்கு மேற்பட்ட இளைஞர் அதில் உழைத்தனர். சுவரோவியத்தின் உயரம் 13 அடி. நீளம் 2754 அடி. அஃதாவது அரை மைலுக்குச் சற்று மிகுதியாகும். அதனைக் காண விரும்புவோர் ஓரத்து நடைபாதையில் நெடுந்தொலை நடந்தே காணுதல் வேண்டும்.

இத்துணைப் பெரிய ஓவியம் எங்ஙனம் உருவாகின்றது? முதலில் வரலாற்றறிஞரும் அனுபவம் மிக்க முதியோரும் கூறுவனவற்றைக் கேட்டுச் செய்திகளைத் திரட்டுவர். அச்செய்திகளைக்கொண்டு ஓவியர் சிறிய தாளில் மாதிரி வரைவர். மாதிரியின்மேற் கட்டங்கள் இடப்படும். சுவரைத் தூய்மை செய்து, அதே கணக்கிற் பெரிய கட்டங்களை அதன்மேலும் இடுவர். சிறு கட்டத்தில் உள்ள கோடு பெருங்கட்டத்தில் அவ்வாறே வளரும். பிறகு, வெயிலையும் நீரையும் தாங்கவல்ல அக்ரிலிக்கு வண்ணத்தை அடுக்கடுக்காய்த் தீட்டுவர். ஒரு கட்டத்தின் கோடு அடுத்த கட்டத்தின் கோட்டோடு பொருந்தாவிடின் முகம் முகமாய் அமையாது. தன் கட்டத்தைத் தீட்டும் இளைஞன், அண்டையில் நிற்பவன் எவ்வினத்தான் ஆயினும், அவனோடு கலந்து பேசியே ஆதல் வேண்டும். ஒற்றுமையைப் பற்றி அறிவுரை கூற அங்கே எவரும் தேவைப்படவில்லை. வேலையே அதனைக் கற்பித்தது.

அவ்விளைஞருள் நீதித்துறையால் அனுப்பப்பட்டோரும் பலர். பதினான்கு முதல் இருபத்தொரு வயது வரை உள்ள அவர்கள், ஆப்பிரிக்க வழியினரும், ஆசிய வழியினரும், மெக்சிக்கோ வழியினரும், ஐரோப்பிய வழியினருமாய்க் கலந்திருந்தனர். கூலி பெற்று வேலை செய்தமையால், அவர்கள் இரக்கத்திற்குரியவராய் அன்றித் தொழிலாளராய்த் தலைநிமிர்ந்து நின்றனர். தம் இனத்தாரின் வரலாற்றோடு, அருகில் நிற்பவன் இனத்தாரின் வரலாற்றையும் கற்றனர். அம்மையாரும் கற்பதை நிறுத்தவில்லை. 1977ஆம் ஆண்டில் மெக்சிக்கோவில் உள்ள குவர்நவாக்கா நகருக்குச் சென்று, சிக்கெய்ரோஸ் நிறுவிய பட்டறையில் சுவரோவிய நுட்பங்களைப் பயின்று திரும்பினார்.

பெருஞ்சுவரில் எழுதப்பட்டவை யாவை? மனிதர் தோன்றுமுன் அந்நிலத்தில் திரிந்த விலங்குகளோடு ஓவியம் தொடங்குகின்றது. பின்னர்த் தொல்குடியினரின் வாழ்வும், ஸ்பானியர் வருகையும் வருகின்றன. 1781ஆம் ஆண்டில் நகரை நிறுவியோரின் காட்சியும் உண்டு. அவர்கள் 44 பேர். அவர்களுட் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குருதியோ தொல்குடிக் குருதியோ உடையோர். இருப்புப்பாதை அமைக்க உழைத்த சீனத் தொழிலாளர் வருகின்றனர். 1930ஐ ஒட்டிய வறுமைக் காலத்தில் மெக்சிக்கோ வழியினர் கூட்டங் கூட்டமாய் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். அவர்களுட் பலர் அமெரிக்கக் குடிமக்களே. அதுவும் அங்கே எழுதப்பட்டுள்ளது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், சப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் குற்றம் ஏதும் இன்றி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அத்துயரும் சுவரில் இடம்பெற்றது. பெருஞ்சாலைகள் தூண் ஊன்றிக் குடும்பங்களைப் பிரிக்கும் காட்சி ஒன்று உளது. சாவெஸ் ரவீன் என்னும் பகுதியில் வாழ்ந்த ஏழைகள் வெளியேற்றப்பட்ட இடத்தில், விளையாட்டரங்கம் ஒன்று வானூர்திபோல் மேலிருந்து இறங்கும் காட்சியும் உளது.

துன்பத்தை மட்டும் எழுதினால் காண்போர் உள்ளம் சோரும். ஆகவே, இடர்களை வென்றோரும் அச்சுவரில் இடம்பெற்றனர். இளமையில் போலியோ நோயால் கால் தளர்ந்தும், 1960ஆம் ஆண்டின் ஒலிம்பிக்குப் போட்டியில் மூன்று பொற்பதக்கம் வென்ற வில்மா ருடால்ஃபு அவர்களுள் ஒருவர். 1964ஆம் ஆண்டில் பதினாயிரம் மீட்டர் ஓட்டத்தில் வென்ற தொல்குடி வீரர் பில்லி மில்ஸ் மற்றொருவர். புத்தகத்தில் விடுபட்ட ஏடுகளைச் சுவரில் ஒட்டி நிறைவு செய்தாற்போன்றது அவ்வோவியம்.

தாம் ஒருவரே புகழ்பெற வேண்டும் என்று பாக்கா அம்மையார் கருதியிருப்பின், இப்பெருஞ்சுவரோடு அமைந்திருக்கலாம். அவர் அவ்வாறு அமையவில்லை. 1988ஆம் ஆண்டில் நகரத் தலைவர் டாம் பிராட்லியின் வேண்டுகோட்கு இணங்கி, அண்டைப் பகுதிகளின் பெருமையை விளக்கும் புதிய சுவரோவியத் திட்டம் ஒன்றை ஸ்பார்க் நிலையம் தொடங்கிற்று. அதன் முறை இது: ஒரு பகுதியில் ஒரு சுவரைத் தேர்வர்; அப்பகுதியின் வாழ்வை அறிந்த ஓவியரை அமர்த்துவர்; அவர் தூரிகையை எடுக்குமுன் ஊராரைக் கூட்டிக் கருத்துக் கேட்பர்; ஊரின் இளைஞர் சிலரை அவருக்குத் துணைவராய் அளித்துத் தொழில் கற்பிப்பர். இம்முறையில் நகரின் பல இனத்தார் வாழும் பகுதிகளில் நூற்றுக்கு மேற்பட்ட சுவரோவியங்கள் எழுந்தன. பழைய சிறைக் கட்டடத்தில் ஒரு காட்சிக்கூடம் அமைந்தது. பெயர் அறியப்படாத ஓவியரின் படைப்புகளும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. நகரின் சுவரோவியங்களைப் படம்பிடித்துத் தொகுத்து வைக்கும் பணியும் நடந்தது. 1996ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, கணினியின் துணையாற் சுவரோவியம் அமைக்கும் கூடமும் நிறுவப்பெற்றது. அப்பல்கலைக்கழகத்தில் அம்மையார் பேராசிரியராயிருந்து மாணவர்க்கு இக்கலையைக் கற்பித்தார்.

சுவரோவியத்திற்கு வரும் கேடுகள் பல. வெயில் வண்ணத்தை வெளுக்கும், வெள்ளம் அரிக்கும், கட்டடத்திற்கு உரியவர் சுவரை இடிப்பர், கிறுக்குவோர் கிறுக்குவர். 2002ஆம் ஆண்டு முதல் 2013ஆம் ஆண்டு வரை, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தனியார் சுவர்களிற் புதிய சுவரோவியம் எழுதுவதற்குத் தடையும் இருந்தது. இவற்றையெல்லாம் தாங்கி நிற்பதற்கு அன்புடையார் காவல் வேண்டும். பெருஞ்சுவருக்கு அக்காவல் வாய்த்தது. மங்கிய பகுதிகள் 2011ஆம் ஆண்டிற் புதுப்பிக்கப்பட்டன. நாட்டின் வரலாற்றுச் சிறப்புடைய இடங்களின் தேசியப் பட்டியலில் 2017ஆம் ஆண்டில் அது சேர்க்கப்பட்டது. அதன் வரலாற்றை அண்மைக்காலம் வரை நீட்டி எழுதுவதற்கு, மெல்லன் அறநிலையம் 2021ஆம் ஆண்டில் 50 இலட்சம் டாலர் நல்கிற்று. கலைஞர்க்கு அமெரிக்க அரசு அளிக்கும் தேசியக் கலைப் பதக்கம் 2023ஆம் ஆண்டில் வெள்ளை மாளிகையில் அம்மையாருக்கு அளிக்கப்பெற்றது.

அதே ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. தம் பாட்டியாரும் அண்டை வீட்டாரும் கலைக்கூடத்திற்கு வாரார் என்று வருந்திய அம்மையாரை, லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டக் கலைக்கூடம் விரும்பி அழைத்தது. அவர் முடிந்த ஓவியத்தைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு மீளவில்லை. கூடத்தையே பட்டறையாக்கினார். பெருஞ்சுவரின் புதிய பகுதிகளை அவரும் துணை ஓவியரும் அங்கேயே தீட்ட, வந்தோர் அருகில் நின்று கண்டனர். கலைக்கூடத்தை விட்டுத் தெருவிற்குச் சென்ற கலை, தெருவையும் உடன் அழைத்துக்கொண்டு கலைக்கூடத்திற்கு மீண்டு வந்தது.

ஒருவர் கையால் ஓர் ஓவியம் சிறத்தல் உலகத்து இயல்பு. பலர் கைகளைச் சிறக்கச் செய்து, அவற்றால் ஓர் ஓவியத்தை நிறைவேற்றுதல் அரிய செயல். பெருஞ்சுவரைத் தீட்டிய நானூற்றுவரும் ஓவியராய் வாழ்ந்தனர் அல்லர். ஆயினும், அவ்வழியே செல்லும் ஒருவர் தம் குழந்தையின் கையைப் பற்றி நின்று, இந்த முகம் யான் தீட்டியது என்று காட்டக்கூடும். அக்குழந்தை தன் ஊரின் வரலாற்றையும் அறியும். அதில் தன் குடும்பத்தின் பங்கையும் அறியும். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. சித்திரத்தை வைத்து மக்களைப் பேணலாம் என்பது பாக்கா அம்மையாரின் வாழ்க்கை உணர்த்தும் உண்மை.